மிதிக்காத மிதிகட்டை

மின்கிதார் வாசிப்பவர்களின் காலடியில் சின்னச் சின்ன உலோகப் பெட்டிகள் வரிசையாகக் கிடப்பதை மேடைகளில் பார்த்திருப்பீர்கள். பெடல் என்று எல்லாரும் அழைக்கும் அந்தப் பெட்டியை இக்கட்டுரையில் மிதிகட்டை என்றே சொல்கிறேன். கம்பியின் அதிர்வு மின்குறியாக மாறி ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் இந்தப் பெட்டி குறுக்கே உட்கார்ந்திருக்கும். ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும்; ஒன்று எதிரொலி சேர்க்கும்; இன்னொன்று ஒரு கிதாரை மூன்று கிதார்கள் போல் கேட்க வைக்கும். ஒரு மிதி மிதித்தால் விளைவு வரும், மறுபடி மிதித்தால் போய்விடும். இரண்டு கைகளும் கம்பியில் இருப்பதால் இந்த வேலை காலுக்கு வாய்த்தது.

என் தாய்மாமாவுக்கு 2021இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீரிழிவு நோய். இடது பாதத்திலும் உணர்ச்சி மரத்துவிட்டது. அதில் ஒரு சிறு புண் வந்தாலும் மறுபடி அறுவைதான் என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்த அன்றே மாமா தம் கிதாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றச் சொன்னார். அத்தை ஏற்றினார். ஒன்றரை ஆண்டு அது இறங்கவே இல்லை.

அந்தக் கிதாரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமா ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். பதினாறு வயதில் மாமா ஐஸ் லோரியில் உதவியாளாக ஏறி, உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்களுக்கு ஐஸ்கட்டி இறக்கப் போவாராம். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த பாடத்தை நாம் எல்லாரும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அவர்கள் வழிவந்தவர்கள் இன்னும் 'பிரான்யோ' ஆட்டத்துக்குக் கிதார் தட்டுகிறார்கள் என்பதை மட்டும் மாமா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு பெரியவர், லோரி காலியாகும் வரை சும்மா நிற்கும் இந்தத் தோட்டத்துப் பையனுக்கு மூன்று 'கோர்டு' கற்றுக் கொடுத்தார். மாமா மூன்றை வைத்துக்கொண்டு முப்பது பாட்டுகள் வாசித்தார்.

பிறகு தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து இன்னிசைக் குழு தொடங்கினார்கள். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வெளிவந்தபோது அதில் வந்த நிலாப் பாட்டின் கிதாரை வாசிக்கத் தெரிந்தவனுக்கே கல்யாண வீட்டில் மரியாதை. இளையராஜாவின் இசைக்குழுவில் அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். மாமா ஒலிநாடாவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு அதைப் பிடித்தார். குழுவிடம் ஓர் எக்கோ பெட்டியும் இருந்தது. சிங்கப்பூரில் பழையதாக வாங்கியது, பெயர்ப் பட்டை எப்போதோ உரிந்துபோனது. உள்ளே ஒரு நாடா வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு தலை பதிவு செய்யும். சற்றுத் தள்ளியிருக்கும் அடுத்த தலை அதைப் படிக்கும். இரண்டுக்கும் இடையே நாடா பயணம் செய்யும் நேரந்தான் எதிரொலியின் இடைவெளி. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட 'ஸ்பேஸ் எக்கோ' இவ்வகையில் பேர்பெற்றது. மாமாவின் பெட்டி அதன் ஏழைப் பங்காளி எனலாம். தொண்ணூறுகளில் கரோக்கே வந்து இன்னிசைக் குழுக்களைத் துடைத்துக்கொண்டு போனது. நாடாவும் கிடைக்காமல் பெட்டி பழைய சாமான் கடைக்குப் போனது. மாமா மட்டும் ஆண்டுக்கொரு முறை, தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில், விடாமல் வாசித்து வந்தார்.

நான் டுரியான் துங்கலில் மின்னணுப் பொறியியல் படித்தவன். நுண்கட்டுப்படுத்தி எனப்படும் ஒற்றைச் சில்லுக் கணினியோடுதான் என் பிழைப்பு. 2022 இறுதியில் மாமாவைப் பார்க்கப் போனபோது, எதிரொலி மிதிகட்டை ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"கால் இல்லாதவனுக்குக் கால்ல மிதிக்கிற சாமான் எதுக்கு மாப்ளே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் ஏதோ பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார். அதுதான் என்னைத் தைத்தது.

கடையில் நல்ல மிதிகட்டைகள் கிடைக்கின்றன. நான் செய்வதைவிட அழகாகவும் இருக்கும். ஆனால் அவை அனைத்தும் கால் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நிரல் எழுதக்கூடிய சில்லு ஒன்று உள்ளே இருந்தால், பெட்டியை எந்தச் சைகைக்குக் கட்டுப்பட வைக்கலாம் என்பது நம் முடிவு. முழங்கை, மூச்சு, தலையசைவு எதுவானாலும் சரி. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வாங்காமல் செய்வது என்று தீர்மானித்தேன்.

இனிக் கொஞ்சம் தொழில்நுட்பம். கலைப்புல மாணவர்கள் பயந்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கூட்டல் கழித்தலுக்கு மேல் எதுவும் இல்லை.

கிதார் தரும் மின்குறியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறோம். குறுந்தட்டில் பாட்டைப் பதிவு செய்யும் அதே வேகம். இந்த எண்களை வரிசையாக நினைவகத்தில் எழுதிக்கொண்டே போய், 300 மில்லி நொடிக்கு முன் எழுதியதை எடுத்து இப்போதைய ஒலியோடு கூட்டினால் எதிரொலி. 44,100இல் பத்தில் மூன்று பங்கு 13,230. அவ்வளவு எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். எண்ணுக்கு 2 பைட் வீதம் 26,460 பைட். நினைவகத்தின் கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலுக்குப் போய்ப் பழையதன் மேலேயே எழுதலாம். ஆக, இதுவும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு வளையந்தான். மாமாவின் நாடா எண்களாக மாறியிருக்கிறது.

நம் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான ஆர்டுயினோ ஊனோவின் நினைவகம் 2,048 பைட். முழுவதையும் ஒலிக்கே கொடுத்தாலும் 1,024 எண்கள். 23 மில்லி நொடிதான் தேறும். எதிரொலிக்கு அது போதாது. வேடிக்கை என்னவென்றால், இலக்கமுறைக்கு முந்திய மிதிகட்டைகளில் இருந்த எம்என்3007 என்னும் சில்லிலும் 1,024 படிகளே இருந்தன. அதன் முன்னோடியை 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்னும் இருவர் உருவாக்கினார்கள். தீப்பிடித்தால் ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவார்கள் அல்லவா? அதைப்போல ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்கு மின்னேற்றம் கைமாறிப் போகும். அதன் பெயரே வாளிப் படைதான். கைமாறும்போது கொஞ்சம் சிந்தவும் செய்யும். அந்தச் சிந்தலையும் இனிமை என்று ரசிப்பவர்கள் இன்றும் உண்டு.

பிறகு வந்ததுதான் எஃப்வி-1 என்னும் சில்லு. எம்எக்ஸ்ஆர், அலேசிஸ் ஆகிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கீத் பார் வடிவமைத்தது. அவர் 2010இல் காலமானார். ஒவ்வொரு மாதிரிக்கும் 128 கட்டளைகள்தாம் அதில் எழுத முடியும். அந்த 128க்குள் பெரிய மண்டபத்தின் முழக்கத்தையே அடக்கிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு சீருக்குள் குறளை அடக்கிய மொழிக்காரர்களான நமக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது.

நான் எடுத்துக்கொண்டது டீன்சி 4.0. பிஜேஆர்சி நிறுவனம் 2019இல் வெளியிட்ட பலகை. நம் கட்டைவிரலைவிடச் சற்றே பெரியது. 600 மெகாஹெர்ட்ஸ் வேகம், 1,024 கிலோபைட் நினைவகம். இதற்கென பால் ஸ்டோஃப்ரெகன் உருவாக்கிய இலவச ஒலி நிரலகம் உண்டு; திரையில் கட்டங்களை வரைந்து கோடு போட்டு இணைத்தாலே பாதி நிரல் தயாராகிவிடும். டெய்சி சீட் என்னும் பலகையில் 64 மெகாபைட் நினைவகம் இருக்கிறது, இன்னும் வசதியானது. சில்லுப் பற்றாக்குறையால் 2021, 2022ஆம் ஆண்டுகளில் உலகமே தவித்தது நினைவிருக்கும். எது கைக்குக் கிடைத்ததோ அதை வைத்துச் செய்தேன்.

டீன்சி ஒலியை 128 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கையாள்கிறது. ஒரு கட்டு 2.9 மில்லி நொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று ஏறக்குறைய 6 மில்லி நொடி தாமதம் ஏற்படும். வாசிப்பவர் விரலுக்கு அது தெரியுமா என்று கவலைப்பட்டேன். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவில் போகிறது. 6 மில்லி நொடி என்பது ஒலிபெருக்கியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். மாமா மேடையில் எப்போதும் அதைவிடத் தள்ளித்தான் நிற்பார்.

மற்றப் பொருள்களுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பசாருக்குப் போனேன். மின்னணுக் கடைகள் வரிசையாக உள்ள அந்தத் தெருவில் ஒரு காலைப்பொழுது போவதே தெரியாது. கிதாரிலிருந்து வரும் குறி மிகவும் மெலிந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க டிஎல்072 என்னும் பெருக்கியை முன்னால் வைத்து, உள்நுழை மின்தடையை ஒரு மெகா ஓம் ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலியின் மேல்பகுதி மங்கி, போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். அலுமினியப் பெட்டியில் துளை போடுவதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, சத்தமும் தூளும்தான். மொத்தச் செலவு 400 ரிங்கிட்டைத் தாண்டவில்லை.

இனி முக்கியமான கேள்வி. மிதிக்காமல் எப்படி இயக்குவது?

மாமாவின் சக்கர நாற்காலியில் வலது கைப்பிடியின் பக்கவாட்டில் ஒரு பெரிய பொத்தானை வைத்தேன். முழங்கையால் இடித்தால் எதிரொலி வரும், போகும். இது எளிது. எதிரொலி எவ்வளவு என்பதைப் பாட்டின் நடுவே கூட்டிக் குறைப்பது எப்படி? கால் உள்ளவர்கள் அதற்குத் தனியே ஒரு சாய்மிதி வைத்திருப்பார்கள். யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தைதான் கைப்பேசியில் ஒரு பழைய திருவிழாக் காணொளியைக் காட்டினார். சரணத்தின் உச்சிக்குப் போகும்போதெல்லாம் மாமா தம்மை அறியாமல் கிதாரின் கழுத்தை மேலே தூக்குகிறார். முப்பது ஆண்டுப் பழக்கம். அதையே சாய்மிதியாக்கினால் அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

சாய்வை அளக்க முடுக்க உணரிகள் இருக்கின்றன. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அறிந்து கோணத்தைச் சொல்பவை. பரவலாகக் கிடைக்கும் எம்பியு-6050 தன் அளவை இலக்கத் துடிப்புகளாக அனுப்பும். அதன் கம்பியைக் கிதார்க் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தபோது, அந்தத் துடிப்புகள் கிதாரின் காந்தச் சுருளில் ஏறி 'டிக் டிக்' என்று ஒலிபெருக்கியில் கேட்டன. எனவே ஏடிஎக்ஸ்எல்335க்கு மாறினேன். இது துடிக்காது, சாய்வுக்கேற்ப அமைதியாக ஒரு மின்னழுத்தத்தை மட்டும் தரும். கம்பிகளை அடிக்கும் வேகத்தில் கிதார் குலுங்குமே, அதனால் எதிரொலியும் குலுங்காதா? அதற்கு நிரலில் ஒரு வரி: புதிய அளவை அப்படியே நம்பாமல், பழையதோடு சிறு பங்காகச் சேர்த்துக்கொண்டே வருவது. குலுக்கல் வடிந்து மெதுவான சாய்வு மட்டும் மிஞ்சும்.

எங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "இஞ்சினியர் படிச்சிட்டுப் பாட்டுப் பெட்டி நோண்டுறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர் என்று சொன்னேன். "அப்ப அந்தக் கப்பல யாரு கட்டுறது?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

2023 ஏப்ரலில் பெட்டியோடு போனேன். மாமா மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். அத்தை முன்கூட்டியே கிதாரை இறக்கிப் புதுக் கம்பி போட்டு வைத்திருந்தார். மாமா எதுவும் சொல்லாமல் மடியில் வாங்கி, முதலில் பெட்டி இல்லாமல் கால் மணி நேரம் வாசித்தார். விரல் நுனியின் காய்ப்பெல்லாம் போய்விட்டிருந்தது, வலித்திருக்கும். பிறகு முழங்கையால் பொத்தானை இடித்தார். எதிரொலி வந்தது. கழுத்தைத் தூக்கினார். கூடியது.

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. "கண்ணாடி மாதிரி இருக்குடா. நல்லா இல்ல" என்றார்.

அடுத்த மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் ஜாசினுக்குப் போனேன். மாமா சொல்வார், நான் நிரலைத் திருத்துவேன். அவர் காதில் இருந்தது அந்தப் பழைய நாடாப் பெட்டி. நாடாவில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் எதிரொலியின் கூர்மை குறையும்; என் பெட்டியில் பத்தாவது எதிரொலியும் முதலாவதைப் போலவே பளிச்சென்று இருந்தது. சுற்றுப் பாதையில் ஒரு வடிகட்டி வைத்து மேல் அதிர்வெண்களைக் கழித்தேன். நாடாவின் மோட்டார் சீராக ஓடாது. சுருதி இலேசாக அலையும். அதற்காக வாசிக்கும் இடத்தை ஒரு நொடிக்கும் சற்று மேற்பட்ட கால அளவில் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினேன். இரண்டு எண்களுக்கு நடுவில் விழும் இடத்துக்கு இரண்டின் பங்கையும் சேர்த்து ஒரு மதிப்பு. இப்படி, ஒரு காலத்தில் பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறைகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு உள்ளே கொண்டுவந்தேன்.

ஒரு சனிக்கிழமை, "மேல் ஸ்தாயில ஒரு கொசு பறக்குது" என்றார். எனக்குக் கேட்கவில்லை. கணினியில் அலைமாலையை வரைந்து பார்த்தபோது கொசு அங்கே இருந்தது. கரகரப்பு சேர்க்கும்போது ஒரு சுரத்தின் மடங்குகள் பிறக்கும். 44,100 மாதிரிகளில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் குறிக்க முடியாது. அதைத் தாண்டியவை மடங்கிக் கீழே வந்து விழும். கிதாரின் இருபத்திரண்டாம் கட்டைச் சுரம் ஏறக்குறைய 1,175 ஹெர்ட்ஸ். அதன் 31ஆம் மடங்கு 36,425. அது 44,100இலிருந்து கழிந்து 7,675 ஆகக் கேட்கும். 1,175க்கும் 7,675க்கும் எந்தச் சுருதி உறவும் இல்லை. அதுதான் கொசு. கரகரப்பை மட்டும் நான்கு மடங்கு வேகத்தில் கணக்கிட்டு, வடிகட்டி, மறுபடி இறக்கினால் அது ஓடிவிடும். அறுபது வயதைக் கடந்து, சர்க்கரையும் பிடித்த ஒரு மனிதரின் காது இதைப் பிடித்தது என்பதை நான் அலுவலகத்தில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆடித் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலமாகிவிட்டது. லயங்களில் இப்போது வேற்று நாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்கள் மலாக்கா, சிரம்பான், ஜொகூர் தாமான்களிலிருந்து காடியில் வந்து இறங்குகிறார்கள். கோயிலில் ஜெனரேட்டர் மின்சாரம். அதன் இரைச்சல் ஒலியில் ஏறும் என்று தெரிந்ததால் ஆறு மின்கலங்களில் பெட்டி ஓடும்படி செய்திருந்தேன். நாற்காலியை மேடையில் ஏற்ற நான்கு பேர் பிடித்தார்கள். மாமாவின் முகம் அப்போது இறுகியிருந்தது, கூட்டத்தைப் பார்க்கவில்லை. பழைய டோலக்காரர், "என்னப்பா, சிம்மாசனத்துல வர்ற" என்று கேட்டதும் சட்டென்று சிரித்துவிட்டார்.

அம்மன் பாட்டு இரண்டு. மூன்றாவது அந்த நிலாப் பாட்டு. சரணத்தில் கிதாரின் கழுத்து மேலே எழும்பியது. எதிரொலி பந்தல் முழுக்க விரிந்தது. பெட்டியைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. "மாமா ஸ்டைல் காட்டுறாரு" என்று முன்வரிசைப் பையன்கள் கத்தினார்கள். அவரும் அடுத்த பாட்டில் தேவைக்கு அதிகமாகவே தூக்கினார்.

இப்போது அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பதினேழு வயதுப் பையன், இரண்டு காலும் நன்றாக உள்ளவன், தனக்கும் மிதிக்காத மிதிகட்டைதான் வேண்டும் என்கிறான். மாமா வேறொன்று கேட்கிறார். உறுமி மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டும்போது எதிரொலியும் அவர்களைத் துரத்திக்கொண்டு வரவேண்டுமாம். தாளத்தைக் காதால் கேட்டு இடைவெளியைத் தானே மாற்றிக்கொள்ளும் நிரல். அவ்வளவு எளிதல்ல, பாதிதான் முடிந்திருக்கிறது. முடிந்தவரையிலான நிரலையும் சுற்று வரைபடத்தையும் தமிழ்க் குறிப்புகளோடு மொழிக்கழகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். தாளப் பகுதியைத் தீர்த்து வைப்பவர் சனிக்கிழமை என்னோடு ஜாசினுக்கு வரலாம், அத்தை சமைப்பார்.